மாலை போட்டவர் சிரிக்க வேண்டும்

போன மாதம் நித்யா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்த நாடக இயக்குநர் அவள். கெட்டிக்காரி, பொறுமைதான் கொஞ்சம் குறைவு. அந்த வயதில் எனக்கும் அது குறைவாகத்தான் இருந்தது.

"தேவகிக்கா, ஒரு சின்னக் கேள்விலா. ஷூட்டிங் ஃபைல்ல சுவர்ப் பட்டியல்னு ஒரு பக்கம் இருக்குல்ல? அதை எடுத்துடலாம்னு மீட்டிங்ல பேசறாங்க. யார் ஆரம்பிச்சதுன்னு கேட்டா எல்லாரும் உங்க பேரைத்தான் சொல்றாங்க."

சுவர்ப் பட்டியல் ஒன்றும் பெரிய சமாசாரம் இல்லை. ஒருவர் வீட்டில் நாடகம் பிடிக்கப் போனால், காட்சியில் வரும் ஒவ்வொரு புகைப்படத்தையும் ஒரு தாளில் எழுத வேண்டும். படத்தில் இருப்பவர் யார், உயிரோடு இருக்கிறாரா, அவரிடமோ குடும்பத்தாரிடமோ கேட்டாயிற்றா என்று மூன்று கட்டம். உதவியாளர் கேட்டால் செல்லாது. இயக்குநரே தொலைபேசியை எடுத்துக் கேட்டு, கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

"இப்பல்லாம் அந்த ஃபோட்டோவை கம்ப்யூட்டர்லயே செஞ்சுக்கறோம்க்கா. அந்த மூஞ்சிக்கு ஆளே கிடையாது. இல்லாத ஆளுக்கு யார் ஃபோன் பண்றது?"

நியாயமான கேள்விதான். "எடுக்கறதுன்னா எடுங்க. ஆனா அது ஏன் வந்துச்சுன்னு எழுதி அனுப்பறேன், படிச்சுட்டு எடுங்க" என்றேன். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்தில் நிற்கவில்லை.

நான் சிங்கப்பூரில், தோ பாயோவில் வளர்ந்தவள். படித்தது, தொலைக்காட்சியில் சேர்ந்தது, கிளாப் பலகை பிடித்தது, எந்த ஷாட்டில் யார் எந்தக் கையில் தம்ளரைப் பிடித்திருந்தார் என்று குறிப்பெடுத்தே நான்கைந்து வருடம் ஓட்டியது, இதையெல்லாம் விரித்துச் சொன்னால் எனக்கே கொட்டாவி வரும். பிறகு சமையல் நிகழ்ச்சி, சிறுவர் நிகழ்ச்சி, கடைசியில் நாடகம். இரண்டு தொலைக்காட்சிப் படங்களும் எடுத்தேன். நான் நல்ல இயக்குநர். தன்னடக்கத்துக்காக இதை மறைத்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை.

எங்கள் நடிகர்கள் யாரும் முழுநேர நடிகர்கள் கிடையாது. வில்லனாக வருபவர் வாரநாட்களில் பள்ளியில் தமிழ் வாத்தியார். தேக்கா சந்தையில் அவர் மீன் வாங்கினால், "ஏன்யா அந்தப் பொண்ணை வீட்டை விட்டுத் துரத்தினே?" என்று மீன்காரர் நிறுத்தி வைத்துக் கேட்பார். அப்பா வேடத்துக்கு டாக்சி ஓட்டும் முத்தையா அண்ணன். நர்ஸ் வேடம் வந்தால் வசந்தா. அவர் நிஜத்திலும் நர்ஸ்தான், அதனால் ஊசி போடும் காட்சிக்கு நான் ஒத்திகையே வைத்ததில்லை. இவர்களுக்கு விடுப்புக் கிடைக்கும் நாளில் எங்களுக்குப் படப்பிடிப்பு. ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் மூன்று வாரம் கழித்துத்தான் வரும். ஆகவே எதற்காகவும் வேலையை நிறுத்தக்கூடாது என்பது என் வேதவாக்காக இருந்தது.

எனக்கு மேலே இருந்தவர் தயாரிப்பாளர் ஷாகுல் சார். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து தாத்தா காலத்திலேயே இங்கே வந்து கடை வைத்த குடும்பம். அவர் மட்டும் கடையில் உட்காராமல் தொலைக்காட்சிக்கு வந்துவிட்டார். தரை துடைப்பவரிடம்கூட "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒளிபரப்புக்கு முன் ஒவ்வொரு நாடகத்தையும் சத்தத்தை நிறுத்திவிட்டு, நின்றுகொண்டே பார்ப்பார். "வசனத்தை நம்பாதீங்கம்மா. வசனம் கெட்டிக்காரத்தனமா பொய் சொல்லும். படத்துக்கு அவ்வளவு சாமர்த்தியம் பத்தாது" என்பார். நடுவில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார் என்றால் எங்கேயோ தவறு நடந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்காக அவர் உட்கார்ந்தது மிகச் சில தடவைதான். அதையும் நான் எண்ணி வைத்திருந்தேன்.

எங்கள் குழுவில் இன்னொரு வழக்கம் உண்டு. சினிமாவிலிருந்து வந்தது. யாராவது செத்ததாகக் காட்சி எடுத்தால், கடைசியில் செத்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் ஒரு ஷாட் எடுத்த பிறகுதான் விளக்கை அணைப்போம். படத்துக்கு மாலை போட்டாலும் அப்படியே, படத்தில் இருக்கும் நடிகர் வந்து சிரித்துவிட்டுப் போவார். இந்தச் சிரிப்பு எதிலும் ஒளிபரப்பாகாது. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, செய்யாமல் வீட்டுக்குப் போக யாருக்கும் மனசு வராது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நாடகத்தில் கதாநாயகி, இறந்துபோன அப்பாவின் படத்துக்கு முன் நின்று அழுகிறாள். படத்தில் இருக்க வேண்டியவர் முத்தையா அண்ணன். வீடு சுவா சூ காங்கில் வசந்தாவின் ஃபிளாட். அன்று வசந்தாவுக்குக் காலை வேலை. முதல் நாளே சாவியைக் கொடுத்துவிட்டு, "வீட்ல இருக்கற எதை வேணும்னாலும் எடுத்துக்குங்கக்கா. சுவர்ல மட்டும் ஓட்டை போட்டுடாதீங்க, இப்பத்தான் பெயின்ட் அடிச்சேன்" என்று சொல்லியிருந்தார்.

எட்டு மணிக்கு விளக்கெல்லாம் ஏற்றிவிட்டோம். எட்டரைக்கு முத்தையா அண்ணன் கூப்பிட்டார்.

"தேவகிம்மா, கோவிச்சுக்காதீங்க. மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன், பந்தக்கால் நட்டாச்சு. இந்த நேரத்துல என் படத்துக்கு மாலை வேணாம்னு வீட்ல ஒரே பிடிவாதம்."

"அண்ணே, கடைசியில சிரிக்கிற ஷாட் எடுத்துடுவோம்ல?"

"எடுத்தாலும் வேணாம்மா. வீட்ல அழுவுறாங்க."

கல்யாண வீட்டுக்காரரோடு வாதாட முடியுமா? சரியென்று வைத்துவிட்டேன். கதாநாயகி பன்னிரண்டு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும். மாலை மேசைமேல் தயாராக இருந்தது. அதைப் போட ஒரு முகம் இல்லை.

அப்போது கூடத்துச் சுவரைப் பார்த்தேன். ஒரே ஒரு ஆணி, வெறுமையாக இருந்தது. யாரோ ஸ்டோர் ரூமைத் திறந்து, சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்த பெரிய படம் ஒன்றை எடுத்து வந்தார்கள். மீசை வைத்த பெரியவர், மார்பளவுப் படம், தேக்குச் சட்டம், கண்ணாடி. வசந்தாவின் மூக்கு அப்படியே இருந்தது. அம்மா தவறிவிட்டார் என்று வசந்தா எப்போதோ சொன்னது எனக்கு நினைவிருந்தது. அப்பாவும் போய்விட்டார் போலிருக்கிறது, பெயின்ட் அடிக்கக் கழற்றியவர் திரும்ப மாட்டவில்லை என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

நம் வீடுகளில் உயிரோடு இருப்பவருக்குக் குடும்பப் படம் உண்டு, கல்யாணப் படம் உண்டு. தனி ஆளாக இவ்வளவு பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டினால் அவர் போய்ச் சேர்ந்தவர். தமிழர் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தக் குழுவில் இருந்த பதினோரு பேரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வசந்தாவை ஒரு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நோயாளியோடு இருந்திருப்பார். எதை வேண்டுமானாலும் எடுக்கச் சொன்னாரே என்று மனசு சமாதானம் சொன்னது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள், எனக்கு அன்று நன்றாகவே நுழைந்தது. படத்தை மாட்டி, மாலை போட்டு, பொட்டு வைத்து, மூன்றே டேக்கில் முடித்தேன். பிரமாதமாக வந்தது. நிஜமாகவே இறந்தவருக்குச் சிரிப்பு ஷாட் எதற்கு? அதை எடுக்கவில்லை. படத்தைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தோம்.

ஷாகுல் சார் நின்றுகொண்டே பார்த்து முடித்தார். அவர் கண்ணிலும் படவில்லை.

அந்தப் பெரியவர் பெயர் கோவிந்தசாமி. உயிரோடு, திடகாத்திரமாக, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவில், ஜோகூரில் இருந்தார். முப்பது வருடம் பாலத்தைத் தாண்டி அங்கேயும் இங்கேயும் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றபோது கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மனைவி இறந்த பிறகு மகளோடு இருந்தார். அப்புறம் சரோஜா என்ற விதவையை மணக்கப் போகிறேன் என்றார். வசந்தா கூடாது என்றார். வார்த்தை தடித்து, அவர் ஜோகூருக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மகள் படத்தைக் கழற்றி ஸ்டோர் ரூமில் வைத்தார். நான்கு வருடமாகப் பேச்சு இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பிறகுதான்.

நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒளிபரப்பானது. நம் ஒளிபரப்பு ஜோகூரிலும் தெரியும் என்பதை நான் மறந்தே போனேன்.

திங்கட்கிழமை காலை வசந்தா நேரில் வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்.

நேற்று அவருக்கு மதிய வேலை. இடைவேளையில் கைத்தொலைபேசியைத் திறந்தால் பதினான்கு அழைப்புகள். எல்லாம் ஆரம்பித்தது மலேசியாவில், கூலாயில் இருக்கும் அத்தையால். நாடகம் என்று தெரியாமல், சேனல் மாற்றும்போது மாலை போட்ட தம்பியின் படத்தையும் அதன் முன்னால் ஒரு பெண் அழுவதையும் பார்த்திருக்கிறார். அவர் ஒருவரிடம் சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, வசந்தாவுக்கு வந்து சேர்ந்தபோது, "அப்பா போயிட்டாராமே, உனக்குச் சொல்லலையா?" என்று ஆகிவிட்டது. அப்பா வீட்டுத் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை.

"நர்ஸ் யூனிஃபார்மோட டாக்சி பிடிச்சேன்க்கா. உட்லண்ட்ஸ் செக்பாயின்ட்ல போய் நின்னப்பதான் தெரியுது, பாஸ்போர்ட் வீட்ல. அங்கயே நின்னேன். முன்னால போகவும் முடியல, திரும்பவும் முடியல. ஒரு மணி நேரம் எனக்கு அப்பா இல்லக்கா. அப்புறம் அத்தை மகன் ஃபோன் பண்ணி, நாடகம்தானாம், மாமா நல்லா இருக்காருன்னு சொன்னான்."

எழுந்து போகும்போது, "நான் உட்லண்ட்ஸ் வரைக்கும் போனதை அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றார்.

ஷாகுல் சார் அறைக்குப் போனேன். அந்த ஷாட்டைச் சத்தமில்லாமல் மூன்று தடவை போட்டுப் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"கேட்டீங்களாம்மா?"

"ஒரு தடவை ஃபோன் பண்ணேன் சார். எடுக்கல."

"ரெண்டாவது தடவை?"

"பண்ணல சார்."

"நானும் பார்த்தேன், நானும் கேக்கல. மன்னிப்புக் கடிதத்துல ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கட்டும். மறு ஒளிபரப்புல அந்தக் காட்சி வராது. ஆனா கடிதத்தைத் தபால்ல போடாதீங்க. நீங்களே கொண்டு போங்க."

"பழம் ஏதாவது வாங்கிட்டுப் போகவா சார்?"

"துக்கம் கேக்கப் போறவங்கதாம்மா பழம் வாங்கிட்டுப் போவாங்க. வெறுங்கையோட போங்க."

மறுநாளே போனேன். ஜோகூரில் சின்ன வரிசை வீடு. கோவிந்தசாமி ஐயா கடிதத்தை வாங்கி, படிக்காமல் வானொலிப் பெட்டி மேல் வைத்தார். சரோஜா அம்மாதான் பேசினார். முந்தாநாள் டிவியில் பார்த்ததுமே கணவரை இழுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடி, அவர் பேருக்கு அர்ச்சனை செய்திருக்கிறார். அதனால்தான் தொலைபேசியை எடுக்க ஆள் இல்லை.

"இது ஒரு தடவை தாலி அறுத்த கழுத்தும்மா" என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "நாலு வருஷமா காலைல கண்ணு முழிச்சதும் அவர் மூச்சு வருதான்னு பார்க்கறவ நான். எனக்குப் போய் மாலையைக் காட்டிட்டீங்களே."

"தப்புதாம்மா. என் தப்பு. வசந்தாவுக்குத் தெரியாது, நான்தான் அவங்க இல்லாதப்ப எடுத்து மாட்டினேன்."

"யாரு கண்டா" என்றார் பெரியவர், முதல் தடவையாக. "அவ வீடு. அவ சுவரு. எனக்கு எப்ப மாலை போடலாம்னு இருந்திருப்பா."

சரோஜா அம்மா அதைக் காதில் வாங்காமல் என்னையே பார்த்தார். "சினிமாவுல செத்த மாதிரி நடிச்சா, அப்புறம் எந்திரிச்சு சிரிக்கற மாதிரி எடுப்பீங்களாமே. புஸ்தகத்துல படிச்சிருக்கேன். இவருக்கு எடுத்தீங்களா?"

"இல்லம்மா. எடுத்துடலாம். நாளைக்கே கேமராவோட இங்க வரேன்."

"இங்க எதுக்கு? மாலை போட்ட இடத்துல எடுக்கணும்."

"அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றார் பெரியவர்.

"உங்களுக்காக மிதிக்க வேணாம். எனக்காக மிதிங்க."

இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். வசந்தாவுக்குக் கொடுத்த வாக்கு என் நாக்கு நுனியில் இருந்தது. எந்த நேரத்தில் எந்த ஷாட்டைக் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இதை இப்போது காட்டாவிட்டால் பிறகு பிரயோஜனம் இல்லை. வாக்கை மீறினேன். உட்லண்ட்ஸ், நர்ஸ் யூனிஃபார்ம், ஒரு மணி நேரம், எல்லாவற்றையும் சொன்னேன். அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

பெரியவர் வானொலிப் பெட்டி மேலிருந்த கடிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "பாஸ்போர்ட் இல்லாமயா?" என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா."

"அவளுக்கு எந்தக் கிழமை லீவு?"

ஒளிபரப்பாகாத ஒரு ஷாட்டுக்குக் கேமரா, விளக்கு, வண்டி கேட்டு விண்ணப்பம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் காலியாக விட்டிருந்தேன். ஷாகுல் சாருக்கு இந்தச் சம்பிரதாயத்தில் துளியும் நம்பிக்கை கிடையாது. பேனாவை எடுத்து, "விடுபட்ட ஷாட்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு, தானும் வருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை. அதே கூடம், அதே விளக்கு, கேமராவும் அதே உயரம். அன்றைய குறிப்பேட்டைப் பார்த்து, அங்குலம் பிசகாமல் வைத்தேன். ஆணிக்கு நேர் கீழே கோவிந்தசாமி ஐயாவை நிற்கவைத்தேன். வசந்தா கதவைத் திறந்தார், தேநீர் கொண்டுவந்தார், சரோஜா அம்மாவுக்கு முதலில் கொடுத்தார். அவர் "சக்கரை சரியா இருக்கும்மா" என்றார். அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசவில்லை. வசந்தா சமையலறை வாசலில், எனக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

முதல் டேக். பெரியவர் உதட்டை இழுத்தார், சிரிப்பு வரவில்லை. இரண்டாவது டேக்கில் பல் தெரிந்தது, கண் அழுதது. மூன்றாவதில் அதுவும் இல்லை. "ஐயா, ஏதாவது சந்தோஷமான விஷயத்தை நெனச்சுக்குங்க" என்று எல்லா இயக்குநரும் சொல்லும் மடத்தனமான வார்த்தையை நானும் சொன்னேன். சரோஜா அம்மா சோபா நுனியில் உட்கார்ந்து, கழுத்தில் கை வைத்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காவது டேக். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் லென்ஸைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே சமையலறை வாசலைப் பார்த்தார்.

"முப்பது வருஷம் அந்தப் பாலத்துல பஸ் ஓட்டினவன் மக. பாஸ்போர்ட் இல்லாம வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

எனக்குப் பின்னால் ஒரு விசும்பல். "அவசரத்துல மறந்துட்டேன்ப்பா."

"கெளம்பறதுக்கு முன்னாடி நான் என்ன சொல்லுவேன்?"

"பாஸ்போர்ட், சில்லறை, தண்ணி."

"அதுல மொதல்ல எது?"

"பாஸ்போர்ட்டு" என்று வசந்தா அழுதுகொண்டே சொன்னார். அந்தக் குரல் பள்ளிக்கூடப் பிள்ளையின் குரலாக இருந்தது. கோவிந்தசாமி ஐயா சிரித்தார். வயிறு குலுங்க, மீசை ஏற, பக்கத்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். சரோஜா அம்மா கழுத்திலிருந்து கையை எடுத்தார். கட் சொல்ல வேண்டியவள் நான். சொல்லவில்லை. நாடா தீரும்வரை ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். ஷாகுல் சார் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார்.

கிளம்பும்போது ஸ்டோர் ரூமிலிருந்து அந்தப் படத்தை எடுத்துத் தரவா என்று வசந்தா கேட்டார். "எங்க வீட்ல அதை மாட்ட வேணாம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்றார் சரோஜா அம்மா. படம் ஸ்டோர் ரூமிலேயே இருந்தது. பெரியவர்தான் மாதம் ஒரு தடவை வர ஆரம்பித்தார். அந்த வாரமே நான் சுவர்ப் பட்டியலை எழுதினேன். முதல் தாளில் முதல் வரியில் என் தவறையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு நான் இயக்கிய எதிலும், கேட்காமல் ஒரு முகம் சுவரில் ஏறியதில்லை.

நித்யா, பட்டியலைத் தாராளமாக எடுத்துவிடுங்கள். ஆளில்லாத முகத்துக்கு மாலை போட்டால் யாரும் பாஸ்போர்ட்டை மறந்துவிட்டு ஓடப்போவதில்லை. உங்கள் வேலை சுலபமாகட்டும். ஆனால் யாராவது ஒருவர் வீட்டுப் படத்தை எடுத்து மாட்டும் நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்கு இரண்டாவது தடவையும் ஃபோன் பண்ணுங்கள்.

இன்னும் ஒன்று. போன வருடம் ஒரு காலையில் வசந்தா கூப்பிட்டார். குரலைக் கேட்டதுமே புரிந்துவிட்டது. கோவிந்தசாமி ஐயா தூக்கத்திலேயே போயிருக்கிறார். எண்பத்தாறு வயது. வசந்தா அந்த வாரம் முழுக்க ஜோகூரில் அவரோடுதான் இருந்தார்.

"அக்கா, சித்தி உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. ஸ்டோர் ரூம் படம் வேணாம்னுட்டாங்க. அன்னைக்கு எடுத்தீங்களே, சிரிக்கறது, அதுலேர்ந்து ஒரு படம் எடுத்துத் தர முடியுமா?"

"இன்னிக்கே தரேன்மா."

மறுமுனையில் சரோஜா அம்மா ஏதோ சொல்வது கேட்டது.

"அதுக்கு மாலை போடலாமாக்கா? உங்களைக் கேட்டுட்டுத்தான் போடணும்னு சித்தி சொல்றாங்க."

"போடும்மா" என்றேன்.